பாதி சித்தூர் செயின், பாதி திருப்பதி செயின்

எஞ்சின் கோவர்த்தனனுடையது. கரும்பாலை முனிகிருஷ்ணனுடையது. இரண்டுக்கும் நடுவே ஓடிய செயின் யாருடையது என்று, அது அறுந்த நாள்வரை ஒருவரும் கேட்டதில்லை.

"இன்னா சத்தம் அது?" என்று கொப்பரை அடுப்புக்கு முன்னாலிருந்து தாட்சாயணி குரல் கொடுத்தாள்.

"ஒண்ணுமில்ல. செயின் அறுந்துச்சு," என்றான் அவள் புருஷன் முனிகிருஷ்ணன்.

"செயின் அறுந்தா ஒண்ணுமில்லையா?"

"என் ஆலை நல்லாத்தான் இருக்குது."

"என் எஞ்சின் அதைவிட நல்லா இருக்குது. பாரு, ஓடிக்கினே இருக்குது," என்றான் அவள் தம்பி கோவர்த்தனன்.

எஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆலை, தின்ற கரும்பு பாதியும் தின்னாத கரும்பு பாதியுமாக வாயைத் திறந்தபடி நின்றது. செயின் செத்த பாம்பு மாதிரி சக்கை மேல் சுருண்டு கிடந்தது.

சித்தூரிலிருந்து திருப்பதி போகும் ரோட்டில், புத்தலப்பட்டுக்கு இந்தப் பக்கம் இருந்தது அந்த ஆலைக் கொட்டாய். ஆந்திர ராஜ்யம் பிரிந்து மூன்றாவது தை மாதம் அது. சித்தூர் யாருக்கு, புத்தூர் யாருக்கு, திருத்தணி யாருக்கு என்று டீக்கடைக்கு டீக்கடை எல்லை போட்டுக்கொண்டிருந்த காலம். முனிகிருஷ்ணன் மெட்ராஸ் கட்சி. ஜில்லாவில் பாதியைப் பிய்த்து மெட்ராஸோடு சேர்த்தால்தான் அவனுக்குச் சோறு இறங்கும். கோவர்த்தனன் பீலேரில் தெலுங்குக் குடும்பத்தில் பெண் எடுத்தவன். கல்யாணத்தோடு கட்சியும் வந்துவிட்டது. ஒரு பிடி மண்ணைக்கூட விடமாட்டேன் என்பான், அவனுக்கென்று சொந்தமாக ஒரு பிடி மண்ணும் இல்லாவிட்டாலும். கொட்டாய்ச் சுவரில் ஒரு பக்கம் தமிழ்க் காலண்டர், எதிர்ப்பக்கம் தெலுங்குக் காலண்டர். தாட்சாயணி தேதி பார்க்க வேண்டுமென்றால் இரண்டையும் விட்டுவிட்டு ரோட்டில் போகிறவர்களைக் கேட்டுக்கொள்வாள்.

"செயின் அறுந்ததுக்கு யாராவது ஏதாவது பண்ணுவீங்களா, இல்ல ரெண்டு பேரும் நல்லா இருக்குது நல்லா இருக்குதுன்னு பாடிக்கினே இருப்பீங்களா?" என்றாள் தாட்சாயணி.

அவள் கத்தியதற்குக் காரணம் கொட்டாய்க்கு வெளியே குவிந்திருந்தது. பொன்னியம்மாவின் கரும்பு. பொன்னியம்மாவுக்கு ஏரிக்கரையில் ஒரு துண்டு நிலம், அதில் வருஷத்துக்கு ஒரு கரும்பு, அவ்வளவுதான் சொத்து. இன்னும் ஒரு வாரம் நிற்கட்டுமே என்று இருந்தவளிடம், முந்தின நாள் தாட்சாயணிதான் போய், "வெட்டு பெரிம்மா. நாளைக்கே ஆட்டிக் குடுத்துடறேன். அப்புறம் பெரிய குடித்தனக்காரங்க வந்துடுவாங்க, உனக்கு இடம் கெடைக்காது" என்று சொன்னாள். அந்தப் பேச்சை நம்பி பொன்னியம்மா வெட்டினாள். இரண்டு மகள்களுமாகத் தலையில் சுமந்து கொண்டுவந்து போட்டாள்.

வெட்டின கரும்பு காத்திருக்காது. வெயிலில் கிடந்தால் உள்ளேயே புளித்துப்போகும். புளித்த சாற்றை எத்தனை நேரம் காய்ச்சினாலும் வெல்லமாக உறையாது. பிசின் மாதிரி கொப்பரையில் ஒட்டிக்கொண்டு நிற்கும். மாட்டுக்குக்கூட ஆகாது.

"பாலையா ஆலைக்குத் தூக்கினு போவட்டுமா?" என்று பொன்னியம்மா கேட்டாள். பாலையாவின் ஆலை புத்தலப்பட்டைத் தாண்டி இருந்தது.

"எதுல போவே? வண்டி கட்ட மாடு எங்க கீது?" என்றாள் தாட்சாயணி.

அதுவும் உண்மை. அந்த வருஷம் கோமாரி வந்து சுற்று வட்டாரத்து மாடெல்லாம் வாயில் நுரை தள்ளிக்கொண்டு, குளம்பு வெடித்துப் படுத்திருந்தன. ஒரு கவளம் தின்ன மாட்டேன் என்கிற மாட்டை யார் வண்டியில் பூட்டுவார்கள்?

"ஆட்டித் தரேன்னு நான்தானே சொன்னேன். ஆட்டித்தான் தருவேன்," என்றாள் தாட்சாயணி. சொல்லிவிட்டு ஆண்கள் பக்கம் திரும்பினாள்.

அவர்கள் அதற்குள் பஞ்சாயத்தைத் தொடங்கியிருந்தார்கள்.

"செயின் எஞ்சினோட வந்தது. எஞ்சின்காரன்தான் வாங்கணும்," என்றான் முனிகிருஷ்ணன்.

"செயின் இழுக்கிறது உன் ஆலையை, பாவா. உனக்குத்தான் சேவகம் பண்ணுது. நீதான் வாங்கணும்."

"பாவா கீவான்னு கூப்புடாதே. மாமான்னு கூப்புடு. அதுக்குக் கூடவா தெலுங்கு?"

"சரி மாமா. நீதான் வாங்கணும் மாமா."

"வாங்கறேன்டா. சித்தூர்ல மெட்ராஸ் சரக்கு விக்கிற கடை இருக்குது. அங்கதான் வாங்குவேன்."

"மெட்ராஸ் சரக்கு என் எஞ்சின்ல ஏறாது. திருப்பதில நம்ம ஆந்திரா கடையில நான் வாங்கறேன்."

"ஆந்திரா செயின் என் ஆலையில ஏறாது."

செயின் இரண்டு ஊரிலும் செய்வதில்லை, கப்பலில் சீமையிலிருந்து வருகிறது என்று சொல்ல அங்கே யாரும் இல்லை. சொல்லியிருந்தாலும் கப்பல் எந்தத் துறைமுகத்துக்கு வந்தது என்று அடுத்த சண்டை ஆரம்பித்திருக்கும்.

கடைசியில் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு முடிவுக்கு வந்தார்கள். அவர்கள் சேர்ந்து எடுத்த முடிவு அந்த மூன்று வருஷத்தில் அது ஒன்றுதான். பாதிச் செயின் சித்தூரில். பாதிச் செயின் திருப்பதியில்.

"ஒரு வேட்டியை பாதி இங்க பாதி அங்கன்னு வாங்குவாங்களா?" என்றாள் தாட்சாயணி.

"வேட்டி வேற, செயின் வேற அக்கா. இது கண்ணி கண்ணியா இருக்குது. பூ மாதிரி. நீ கதம்பம் கட்டறதில்லையா? மல்லி கொஞ்சம், கனகாம்பரம் கொஞ்சம். சேத்துக் கட்டினா ஒரே சரம்."

அறுந்த செயினை நீட்டிப் போட்டு இருவரும் சேர்ந்து கண்ணிகளை எண்ணினார்கள். ஒருவன் தமிழில் எண்ணினான், ஒருவன் தெலுங்கில் எண்ணினான். ஆச்சரியமாக ஒரே கணக்கு வந்தது. சரிபாதியாகப் பிரித்து, அறுந்த செயினிலிருந்து ஆளுக்கு ஒரு கண்ணியை மாதிரிக்கு எடுத்துக்கொண்டு, மறுநாள் காலையில் ஒருவன் கிழக்கே பஸ் ஏறினான், ஒருவன் தெற்கே பஸ் ஏறினான்.

சாயங்காலம் திரும்பி வந்தார்கள். முனிகிருஷ்ணன் கொண்டுவந்தது எண்ணெய்க் காகிதத்தில் சுற்றிய புதுச் செயின். பிரித்தால் மாப்பிள்ளைக்குப் போட்ட சங்கிலி மாதிரி மின்னியது. கோவர்த்தனன் கொண்டுவந்தது சாக்குப் பையில் கட்டிய கறுப்புச் செயின்.

"இன்னாடா, இது ஓடின செயினா?" என்றாள் தாட்சாயணி.

"கொஞ்சம்தான் ஓடிச்சாம் அக்கா. யாரோ பெரிய எடத்துல இருந்த மிஷின். ரொம்ப அடக்கமா வெச்சிருந்தாங்களாம்."

"பொண்ணு பாத்துட்டு வந்த மாதிரி பேசறியே."

"கண்ணி அளவெல்லாம் சரியா இருக்குது. மாதிரியோட வெச்சுப் பாத்துட்டேன்."

அவன் மாதிரிக்குக் கொண்டுபோனதே பத்து வருஷம் தேய்ந்த கண்ணி என்பதை அவன் யோசிக்கவில்லை. கிழவனுக்குக் கிழவி பொருத்தமாகத்தான் இருப்பாள்.

மூன்றாம் நாள் காலையில் செயினைக் கோத்துக் கொடுக்கச் சித்தூரிலிருந்து எர்னஸ்ட் சைக்கிளில் வந்தார். மிஷன் காம்பவுண்டில் தண்ணீர்ப் பம்பு, விளக்கு மிஷின் எல்லாம் அவர் பொறுப்பு. காக்கி அரை டிராயர், தலையில் வெயில் தொப்பி, வாயில் ஓயாத பேச்சு. ஜில்லாவில் தன்னைவிடப் பெரிய பிட்டர் இல்லை என்பது அவருடைய விசுவாசப் பிரமாணத்தில் கடைசி வரி.

வந்ததும் அறுந்த பழைய செயினைத்தான் முதலில் தூக்கிப் பார்த்தார். விரலால் வழித்து மோந்தார்.

"இது இன்னா கொழம்பு?"

"வாரா வாரம் வெள்ளிக்கெழமை விபூதி, மஞ்சள், குங்குமம் வெப்பேன்," என்றான் முனிகிருஷ்ணன் பெருமையாக. "ஆயுத பூஜைக்குச் சந்தனமும் சேத்து."

"எண்ணெய் மேலயா?"

"எண்ணெய் இருந்தாத்தானே ஒட்டும்?"

எர்னஸ்ட் தாட்சாயணியைப் பார்த்தார். "அம்மா, உங்க வீட்டுல பித்தளைச் சொம்பு எதால தேய்ப்பீங்க?"

"சாம்பலாலதான்."

"எண்ணெய்ப் பிசுக்கு இருந்தா?"

"இன்னும் நல்லாத் தேயும்."

"கேட்டியா முனிகிருஷ்ணா? அவங்க சொம்பு தேய்க்கிறாங்க. நீ செயின் தேய்ச்சிருக்கிற. வருஷக்கணக்கா, பக்தியா தேய்ச்சிருக்கிற. பின்னு எல்லாம் பாரு, ஈர்க்குச்சி மாதிரி ஆயிடுச்சு."

"எங்க சாமியைப் பத்திப் பேசாதீங்க."

"சாமியைப் பத்தி நான் எங்கப்பா பேசினேன்? சாம்பலைப் பத்திப் பேசினேன்."

"அவர் மட்டுமில்ல," என்றாள் தாட்சாயணி. "எந்தம்பி மேல மேல கிரீஸை அப்புவான். கரும்புச் சக்கையெல்லாம் அதுல ஒட்டிக்கினு, செயின் கரடிக்குட்டி மாதிரி இருக்கும்."

"கிரீஸ் மேலேயே நின்னுடும். உள்ள போவாது. பசிக்கிறவன் முதுகுல சோத்தை அப்பினா வயிறு நெறயுமா? சன்ன எண்ணெய், சொட்டுச் சொட்டா, உள்பக்கத்துல விடணும். உருளைக்கும் பின்னுக்கும் நடுவுல போவணும். அங்கதான் தேயறது."

பிறகு இரண்டு பாதிகளையும் கோத்தார். கோத்தால் ஒரு சங்கடம். நீளம் கொஞ்சம் அதிகம். எதிர்க்கட்சியைவிடத் தன் பங்கு குறைந்துவிடக் கூடாதென்று இரண்டு பேருமே சொல்லாமல் ஒரு கண்ணி கூட வாங்கியிருந்தார்கள்.

"ரெண்டு கண்ணி எடுக்கணும்," என்றார் எர்னஸ்ட். "ஒத்தையா எடுக்க முடியாது. உள்கண்ணி ஒண்ணு, வெளிக்கண்ணி ஒண்ணு, ஜோடியாத்தான் எடுக்க முடியும்."

"அவன் பக்கத்துல எடுங்க."

"அவர் பக்கத்துல எடுங்க."

"ரெண்டும் சேர்ற எடத்துல எடுங்க அண்ணா," என்றாள் தாட்சாயணி. "அங்க ஒண்ணு இவன்து, ஒண்ணு அவர்து."

எர்னஸ்ட் சிரித்துக்கொண்டே அப்படியே செய்தார். எல்லையிலிருந்து ஆளுக்கு ஒரு கண்ணி போனது. இரண்டு பேருக்கும் வருத்தம், அதனால் இரண்டு பேருக்கும் திருப்தி.

"ரெண்டு பாதியோட கண்ணியும் ஒரே அளவுதானே? ஓடுமா?" என்று தாட்சாயணி கேட்டாள்.

"எர்னஸ்ட் கோத்தா ஓடாத செயின் இந்த ஜில்லாவுலயே கெடையாது."

எஞ்சினைக் கிளப்பினார்கள். செயின் நகர்ந்தது. சித்தூர்ப் பாதி பல்சக்கரத்தில் வழுக்கிக்கொண்டு சத்தமில்லாமல் போனது. திருப்பதிப் பாதி வந்ததும், கடக் கடக் கடக்கென்று ஒவ்வொரு கண்ணியும் பல்லின் தலைமேல் ஏறி உட்கார்ந்து, யோசித்து, விழுந்தது. மறுபடி அமைதி. மறுபடி கடகட.

"பாத்தியா! ஆந்திரா சரக்கு வரும்போதுதான் கத்துது!"

"உன் சரக்கு இழுத்துப் புடிக்கிற இழுப்புல என் சரக்கு கத்துது!"

"நிறுத்துடா எஞ்சினை!" என்று எர்னஸ்ட் கூவினார்.

அதற்குள் செயின் பல்சக்கரத்தைவிட்டு எகிறிப் பாய்ந்தது. சாறு பிடிக்க வைத்திருந்த பானையை உடைத்தது, எர்னஸ்டின் தொப்பியைத் தட்டிக்கொண்டு போய்ப் பொன்னியம்மாவின் கரும்புக் குவியலில் படுத்துக்கொண்டது. தெலுங்குக் காலண்டரும் விழுந்தது, ஆனால் அது காற்றில் விழுந்தது என்றுதான் முனிகிருஷ்ணன் கடைசிவரை சொன்னான்.

"ஓடாத செயின் இந்த ஜில்லாவுலயே கெடையாதுன்னு சொன்னீங்க," என்றாள் தாட்சாயணி.

"கல்யாணம் பண்ணி வெக்கிறதுதான் என் வேலை," என்றார் எர்னஸ்ட், தொப்பியைத் தேடிக்கொண்டு. "குடும்பம் நடத்தறது அதுங்க வேலை."

தாட்சாயணி இரண்டு பாதிகளையும் கழற்றச் சொன்னாள். கொட்டாயின் விட்டத்தில் பக்கத்தில் பக்கமாகத் தொங்கவிட்டாள். கண்ணிகளை எண்ணினாள். இரண்டும் சமம். ஆனால் திருப்பதிப் பாதி இரண்டு விரல் கீழே இறங்கி நின்றது.

"கண்ணி சமம். நீளம் எப்படி ஜாஸ்தி?"

"தேஞ்சிருக்குதும்மா," என்றார் எர்னஸ்ட். இப்போது குரல் இறங்கியிருந்தது. "ஒவ்வொரு பின்னும் மயிரிழை தேஞ்சிருக்கும். ஒண்ணை மட்டும் பாத்தா கண்ணுக்குத் தெரியாது. எல்லாம் சேந்தா ரெண்டு வெரல். நான் கோக்கறதுக்கு முன்ன தொங்கவிட்டுப் பாத்திருக்கணும்."

"கல்யாணத்துக்கு முன்னாடியே பாத்திருக்கணும்."

"ஆமாம்மா."

"அப்போ இந்தப் பாதியைத் தூக்கிப் போட்டுட்டு அதே மாதிரி இன்னொரு பாதி புதுசு வாங்கினா?"

"அதுக்கும் பல்சக்கரத்தைப் பாக்கணும்." அவர் சக்கரத்தின் பல்லைத் தடவிக் காட்டினார். நேராக நிற்க வேண்டிய பற்கள் பருந்து மூக்கு மாதிரி ஒரு பக்கமாக வளைந்து கூர்ந்திருந்தன. "பழைய செயின் தேயத் தேய, அதுக்கேத்த மாதிரி பல்லும் தேஞ்சிருக்குது. இதுல புதுச் செயின் போட்டா, இந்தப் பல்லு அதைத் துன்னுடும். செயினும் ரெண்டு சக்கரமும் ஒண்ணாத்தான் மாத்தணும். சக்கரம் சித்தூர்ல கெடைக்குதோ, திருப்பதில கெடைக்குதோ, தேடணும்."

"சித்தூர்ல—" என்று ஆரம்பித்தான் முனிகிருஷ்ணன்.

"திருப்பதில—" என்று ஆரம்பித்தான் கோவர்த்தனன்.

"வாயை மூடுங்க ரெண்டு பேரும்!"

கத்தினது தாட்சாயணி இல்லை. பொன்னியம்மா. அவள் ஒரு கரும்பை ஒடித்து வெட்டு முனையை மூக்கருகே வைத்துக்கொண்டிருந்தாள்.

"வாசனை மாறுது தாட்சாயணி," என்றாள். "இன்னிக்கு ஆட்டலைன்னா நாளைக்கு இது வெறகு."

அவள் திட்டியிருந்தால்கூடத் தாட்சாயணி பதில் சொல்லியிருப்பாள். பொன்னியம்மா திட்டவில்லை. கரும்பின் மேல் காய்ந்த தோகையைப் பரப்பி வெயிலை மறைக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கொட்டாய்க்குப் பின்னால், எஞ்சின் வருவதற்கு முன் இருந்த பழைய மாட்டாலை நின்றது. செங்குத்தான மூன்று உருளைகள், தலைமேல் இரண்டு பக்கமும் நீண்ட மரம். ஒரு காலத்தில் பக்கத்துக்கு ஒரு ஜோடி மாடு சுற்றும். இப்போது ஆடு கட்ட உதவிக்கொண்டிருந்தது. தாட்சாயணி ஆட்டை அவிழ்த்துவிட்டாள். உருளைகளைக் கழுவி, அச்சில் எண்ணெய் விட்டாள்.

"அக்கா, மாடு இல்லையே," என்றான் கோவர்த்தனன்.

தாட்சாயணி அவனையும் முனிகிருஷ்ணனையும் மாறி மாறிப் பார்த்தாள். நன்றாகத் தின்று வளர்ந்த இரண்டு உடம்புகள்.

"இன்னாத்துக்கு அப்படிப் பாக்கற?" என்றான் முனிகிருஷ்ணன்.

"நொரை தள்ளுதான்னு பாக்கறேன். தள்ளல. நீங்க இந்த முனையைப் புடிங்க. டேய் கோவர்த்தனா, நீ அந்த முனை."

"யாருன்னு நெனச்சுப் பேசற? இன்னிக்கு எல்லை விஷயமா சித்தூருக்கு அதிகாரி வராரு. புத்தூர்லேருந்து லாரியில எங்க ஆளுங்க வராங்க. நான் போய் பேசணும்."

"எங்க ஆளுங்களும் வராங்க, திருப்பதிலேருந்து," என்றான் கோவர்த்தனன்.

"வரட்டும். அதுவரைக்கும் தள்ளுங்க. யோவ், நான் ஒரு கெழவிக்கு வாக்கு குடுத்துட்டேன். உன் அதிகாரி யாருக்கு எந்த ஊரைக் குடுத்தாலும் அது இங்கியேதான் கெடக்கும். கரும்பு கெடக்காது."

முனிகிருஷ்ணனை அவள் யோவ் என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அவன் போய் மரத்தைப் பிடித்தான்.

இரண்டு பேர் தள்ளி ஆலை நகர்ந்தது, ஆனால் கரும்பு விட்டதும் நின்றுபோனது. எர்னஸ்ட் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு முனிகிருஷ்ணன் பக்கம் சேர்ந்தார். ஒரு சுற்று. மூன்று பேருக்கும் மூச்சு வாங்கியது. ஒரு டம்ளர் சாறு வந்தது.

அந்த நேரத்தில்தான் ரோட்டில் லாரி வந்து நின்றது. மெட்ராஸ் கட்சிக்காரர்கள். புத்தூர்ப் பக்கத்திலிருந்து வருகிற எந்த ஊர்வலமும் தாட்சாயணி கொட்டாயில் நின்று ஓசியில் கரும்புச் சாறு குடிக்காமல் போனதில்லை. அது எந்தக் கட்சிக்கும் பொதுவான கொள்கை.

"எம்மா, சாறு இருக்குதா?"

"இருக்குது, கரும்புக்குள்ள. ஆட்டினா வரும். அதோ உங்க தலைவர் ஆட்டிக்கினு இருக்கிறாரு, போய்ப் புடிங்க."

தாகம் எடுத்தவர்கள் பிடித்தார்கள். முனிகிருஷ்ணன் முனையில் எட்டு ஆள் சேர்ந்ததும் மரம் வேகமாகச் சுற்ற ஆரம்பித்தது. எதிர்முனையில் தனியாக இருந்த கோவர்த்தனன் தள்ளவேண்டிய அவசியம் இல்லாமல், மரமே அவனை இழுத்துக்கொண்டு போனது.

"அக்கா! இது அநியாயம்! அவங்க பக்கம் ஜாஸ்தி!"

அவன் கெட்ட நேரமா நல்ல நேரமா தெரியவில்லை, கொஞ்ச நேரத்தில் திருப்பதிப் பக்கத்திலிருந்து இன்னொரு லாரி வந்து, அதே கரும்புச் சாற்றைத் தெலுங்கில் கேட்டது.

"ஏமம்மா, செரகு ரசம் உந்தா?"

"உந்தி, உந்தி. அந்த முனையைப் பட்டுக்கோண்டி," என்றாள் தாட்சாயணி. "உங்க ஆளு ஒண்டியா மாட்டிக்கினு இருக்கிறாரு."

தங்கள் ஆள் எதிர்க்கட்சியால் சுற்றி இழுக்கப்படுவதைப் பார்த்ததும் அவர்கள் சாற்றைக்கூட மறந்துவிட்டு மரத்தில் பாய்ந்தார்கள்.

பிறகு நடந்ததை அந்த ரோட்டில் போனவர்கள் பல வருஷம் சொன்னார்கள். இந்த முனையில் ஒரு கட்சி, அந்த முனையில் ஒரு கட்சி. வட்டத்தில் ஒருவரை ஒருவர் துரத்துவது மாதிரி, பிடிக்கவே முடியாதபடி.

"சித்தூரு எங்களுது!" என்று ஒரு முனை கத்தும். கால் ஒன்று முன்னே வைக்கும்.

"சித்தூரு மாதே!" என்று மறுமுனை அதையே தெலுங்கில் கத்தும். அடுத்த கால்.

தாளம் அப்படிச் சேர்ந்துவிட்டது. யாராவது கத்தாமல் விட்டால் ஆலை தடுமாறியது. நடுவில், சுற்றுகிற மரத்துக்குக் கீழே குனிந்து உட்கார்ந்து, பொன்னியம்மா கரும்பை உருளைக்குள் கொடுத்துக்கொண்டே இருந்தாள்.

"கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க ராஜா," என்பாள் அவ்வப்போது. "சக்கையில இன்னும் ஈரம் நிக்குது."

"ஏம்மா, சித்தூரு யாருக்குச் சேரணும்? நீ சொல்லு!" என்று ஒருவன் மூச்சு வாங்கியபடி கேட்டான்.

"எனக்கு இந்தக் கரும்பு கொப்பரையில சேரணும். தள்ளு."

சாறு வாய்க்காலில் ஓடிக் கொப்பரையில் விழுந்தது. தாட்சாயணி அடுப்பை ஏற்றினாள். பொன்னியம்மாவின் மகள்கள் அழுக்கை வழித்து எடுத்தார்கள். வெயில் சாயும் நேரத்தில் கடைசிக் கரும்பும் சக்கையாகி விழுந்தது. இரண்டு கட்சிக்காரர்களும் அங்கங்கே சக்கை மெத்தையில் கலந்து கிடந்தார்கள். யார் எந்த ராஜ்யம் என்று பிரிக்க முடியாதபடி எல்லார் மேலும் ஈ மொய்த்தது.

சித்தூரிலிருந்து வந்த பஸ்ஸில் யாரோ இறங்கிச் சொன்னார்கள்: அதிகாரி வந்தாராம். ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாராம். இரண்டு பக்கத்திலிருந்தும் ஒருத்தரும் பேச வராததால் இங்கே ஒரு தகராறும் இல்லை போலிருக்கிறது என்று சொல்லிவிட்டுக் காப்பி குடித்துப் போய்விட்டாராம்.

சக்கை மேலிருந்து யாரும் எழுந்திருக்கவில்லை. எழுந்திருக்க முடியவில்லை.

பாகு பதத்துக்கு வந்தது. தாட்சாயணி ஒரு சொட்டு எடுத்துத் தண்ணீரில் விட்டாள். உருட்டினாள். கல் மாதிரி நின்றது. அதைப் பொன்னியம்மாவின் உள்ளங்கையில் வைத்தாள். பொன்னியம்மா வாயில் போட்டுக்கொண்டு கண்ணை மூடினாள்.

"கொஞ்சம் புளிப்பு ஓரத்துல நிக்குது," என்றாள்.

"பெரிம்மா!"

"உறைஞ்சிடுச்சு இல்ல, விடு. புளிப்பு இவனுங்க வேர்வையா இருக்கும்."

அன்று ராத்திரி சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது முனிகிருஷ்ணனால் சோற்றுக் கையைத் தூக்க முடியவில்லை. கோவர்த்தனன் தூக்கிவிட்டான். அவனாலும் பாதிதான் தூக்க முடிந்தது.

"நாளைக்கு ரெண்டு பேரும் எர்னஸ்ட் அண்ணாவோட ஒரே பஸ்ல போறீங்க," என்றாள் தாட்சாயணி. "செயின் ஒரே பெட்டியில, ஒரே கம்பெனி, முழுசா ஒண்ணு. ரெண்டு பல்சக்கரம், அந்தச் செயினுக்குப் பொருத்தமானது, புதுசு. எந்த ஊர்ல கெடைச்சாலும் சரி. வேலூர்ல கெடைச்சா வேலூர், பலமனேர்ல கெடைச்சா பலமனேர். மாதிரிக்குத் தேஞ்ச கண்ணியைத் தூக்கினு போனா காலை ஒடிப்பேன்."

"யாரு கணக்குல?" என்று இருவரும் ஒரே நேரத்தில் கேட்டார்கள்.

"என் பங்கு வெல்லத்துல. எஞ்சின் இவன்து. ஆலை உங்களுது. செயின் என்னுது."

அந்த ஏற்பாட்டில் இருந்த அபாயம் அவர்களுக்குச் சில நாள் கழித்துத்தான் புரிந்தது. தேய்ந்த சக்கரத்தை நோயாளிப் பிள்ளை மாதிரி மாற்றி மாற்றி மடியில் வைத்துக்கொண்டு மூன்று ஊர் சுற்றி, புதுச் செயினும் சக்கரமும் வாங்கி வந்து பூட்டினார்கள். ஆலை பூனை மாதிரி ஓடியது. தாட்சாயணி தினமும் கரும்பு ஆட்டி முடிந்ததும், செயினில் சூடு இருக்கும்போதே, கோழி இறகால் உள்பக்கம் சன்ன எண்ணெய் தொட்டுவிடுவாள். வாரம் ஒரு தடவை விரலால் அழுத்தித் தொய்வு பார்ப்பாள். ஒரு நாள் முனிகிருஷ்ணனும் கோவர்த்தனனும் கொட்டாயிலேயே மறுபடி எல்லை போட ஆரம்பித்தார்கள். குரல் ஏறியது. எஞ்சின் நன்றாக இருந்தது, ஆலையும் நன்றாக இருந்தது, ஆனால் கரும்பு ஆட்டுவது நின்றுபோயிருந்தது. திரும்பிப் பார்த்தால் செயினைக் காணோம்.

"செயின் எங்க?"

"எண்ணெயில ஊறுது," என்றாள் தாட்சாயணி, அடுப்படியிலிருந்து. "சண்டை முடிஞ்சதும் சொல்லுங்க, தொடச்சு எடுத்துக்கினு வரேன்."

வெளியே கரும்போடு காத்திருந்த குடித்தனக்காரர்கள் எல்லாரும் அந்த இரண்டு பேரைப் பார்த்தார்கள். பழைய மாட்டாலையையும் பார்த்தார்கள். சண்டை முடிந்துவிட்டது.

ஆயுத பூஜை வந்தது. முனிகிருஷ்ணன் விபூதித் தட்டோடு வந்தான். எஞ்சினுக்குப் பட்டை அடித்தான், ஆலைக்குச் சந்தனம் பூசினான், செயினிடம் வந்து கையை ஓங்கினான்.

"அது என்னுது," என்றாள் தாட்சாயணி.

"ஒரே ஒரு பொட்டு. இல்லாட்டி நல்லா இருக்குமா?"

"பொட்டு வெச்சே ஆவணும்னா, அதோ பின்னாடி போங்க." அவள் பழைய மாட்டாலையைக் காட்டினாள். "போன தையில ஓடினது அதுதானே?"

முனிகிருஷ்ணன் தட்டோடு போனான். உருளைகளுக்கு மஞ்சள் பூசி, மரத்தின் தன் முனையில் ஒரு பட்டையும் குங்குமமும் வைத்தான். தட்டைக் கோவர்த்தனனிடம் நீட்டினான். அவன் தன் முனைக்கு ஒரு நாமம் போட்டான்.

"இழுத்த மாடு எங்க?" என்று வாசலிலிருந்து பொன்னியம்மா கேட்டாள். "அதுங்களுக்குத்தானே மொதல்ல வெக்கணும்?"

சொல்லிக்கொண்டே வந்து தட்டை வாங்கி, இரண்டு பேர் நெற்றியிலும் அகலமாகப் பூசிவிட்டாள்.